வெளிச்சத்துக்கு ஒரு சட்டை

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டாலும் பாதகமில்லை. இந்த வாரம் நாம் எல்லோரும் அங்கேதான் போகப் போகிறோம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம் வரையில் பிரயாணம் சுகமாகத்தான் இருக்கும். அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். பத்து வளைவு வரையில் உற்சாகமாக எண்ணுவீர்கள். முப்பதாவது வளைவில் எண்ணிக்கை தவறிப் போகும். ஐம்பதாவது வளைவில், எலுமிச்சம்பழத்தை எந்தப் பையில் வைத்தோம் என்கிற ஒரே கவலைதான் மிஞ்சும்.

இந்தப் பிரயாணத்தில் உங்கள் மடியில் ஒரு கண்ணாடிக் குஞ்சலம் வைத்த அலங்கார விளக்கும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பட்டணத்தில் வாங்கியது. சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது விளக்கு இருந்தால் குஞ்சலம் இருக்காது. குஞ்சலம் இருந்தால் கண்ணாடி இருக்காது.

"அப்படியானால் மலையில் குடியிருக்கிறவர்களுக்கு மொட்டை பல்பே போதும் என்கிறீரா?" என்று சண்டைக்கு வந்துவிடாதீர்கள். நான் சொல்ல வருவது நேர் எதிரான சமாசாரம். அலங்காரத்தை மலைக்குத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம்; அது அங்கேயே இருக்கிறது. கீழேயிருந்து போக வேண்டியது, எந்த எலெக்ட்ரிக் கடையிலும் கிடைக்கிற மலிவு விளக்கு ஒன்றுதான். மற்றதை வீட்டிலேயே செய்துவிடலாம். நாலாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளலாம். 'கொல்லிமலை' என்று வருகிற இடத்தில் உங்கள் தெருப் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

உடம்பு வேறு, உடுப்பு வேறு

ஒரு விளக்கைப் பிரித்துப் பார்த்தால் இரண்டே பங்குதான். ஒன்று உடம்பு: பல்பு, ஹோல்டர், ஒயர், சுவிட்ச், பிளக். இன்னொன்று உடுப்பு: பல்பை மூடுகிற கண்ணாடி, துணி, காகிதம் அல்லது பிளாஸ்டிக் கூடு. மலிவு விளக்குக்கும் விலை உயர்ந்த விளக்குக்கும் உடம்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் ஓடுவது அதே 230 வோல்ட் மின்சாரம். இரண்டிலும் மாட்டுவது அநேகமாக அதே பல்பு. நீங்கள் கொடுக்கிற அதிகப் பணமெல்லாம் உடுப்புக்குத்தான்.

ஆகவே நமது சூத்திரம் இது: உடம்பைக் கடையில் வாங்குங்கள், உடுப்பை நீங்கள் தையுங்கள். மின்சாரம் ஓடுகிற பாகத்தில் கத்தி வைக்காதீர்கள், ஒட்டுப் போடாதீர்கள். மேல் சட்டையை மட்டும் மாற்றுங்கள். இந்த ஒரு வரியை மறக்காமல் இருந்தால், இந்தக் கைவேலையில் உள்ள அபாயத்தில் பெரும் பகுதி நீங்கிவிடும்.

சட்டை எதற்கு என்று கேட்கிறீர்களா? கொல்லிமலை என்றதும் சங்க காலத்துப் புலவர்களுக்கு நினைவு வருவது கொல்லிப்பாவை. தெய்வம் செய்து வைத்த பாவை என்பார்கள். பார்த்தவர் கண்ணைப் பறித்து, மயக்கி, ஆளையே கொன்றுவிடும் என்று கதை. கூடத்தின் நடுவில் மூடியில்லாமல் எரிகிற பல்பும் ஒரு சின்னக் கொல்லிப்பாவைதான். ஆளைக் கொல்லாது, கண்ணைப் பறிக்கும். அதை ஒரு கணம் பார்த்துவிட்டு மூலையைப் பாருங்கள். மூலை முன்னைவிட இருட்டாகத் தெரியும். வெளிச்சம் குறைந்துவிடவில்லை, உங்கள் கண்ணின் பாவை சுருங்கிவிட்டது. 'இன்னும் பெரிய பல்பு போடு' என்கிறோம். பாவை இன்னும் சுருங்குகிறது!

பாட்டியும் எட்டடி உயரமும்

செம்மேட்டை ஒட்டி ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். திண்ணை, கூடம், அடுப்படி, முன்னால் மிளகு காயப்போடுகிற களம். கூடத்து உச்சியில் ஒரு பல்பு. அதன் அடியில் பேத்தி பத்தாம் வகுப்புப் பாடம் படிக்கிறாள். சுவர் ஓரமாகப் பாட்டி சாமையைப் புடைத்துக் கல் பொறுக்குகிறாள். கல் அகப்படவில்லை. மறுநாள் சோற்றில் அகப்படுகிறது. பாட்டியின் கண் பார்வையைப் பற்றி வீட்டில் பேச்சு எழுகிறது.

குற்றம் பாட்டியின் கண்ணில் மட்டும் இல்லை. இருபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில், அறுபது வயதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போய்ச் சேருகிறது என்று கண் சாஸ்திரம் சொல்கிறது. வயதாக ஆகப் பாவை சிறுத்துப் போகிறது. உள்ளே இருக்கும் வில்லை மஞ்சள் பூக்கிறது. பேத்திக்குப் போதுமான விளக்கு பாட்டிக்குப் போதாது.

பெரிய பல்பு போடலாமே என்றால், அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. விளக்கைக் கீழே இறக்குங்கள். ஒரு சிறு பல்பு எட்டடி உயரத்திலிருந்து தருகிற வெளிச்சத்தைப் போல, நாலடியிலிருந்து நாலு மடங்கு தரும். இரண்டடியிலிருந்து பதினாறு மடங்கு தரும். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான். உச்சியில் எரிகிற 9 வாட் பல்பு செய்யாத வேலையை, மடிக்கு அருகில் எரிகிற 3 வாட் பல்பு செய்துவிடும்.

ஆனால் பல்பைக் கீழே இறக்கினால் அது கண்ணுக்கு நேரே வரும். அதனால்தான் சட்டை. அழகுக்கு என்று நாம் நினைக்கிற கூடு, உண்மையில் பாட்டியின் கண்ணுக்காகப் போடுகிற குடை.

நம் சுவரில் இருந்த ரகசியம்

இது நம் முன்னோர்களுக்குத் தெரிந்த விஷயமே. பழைய வீடுகளின் சுவரில் விளக்கு மாடம் பார்த்திருப்பீர்கள். காற்றில் சுடர் அணையாமல் இருப்பதற்காக மட்டும் வைத்ததில்லை அது. சுண்ணாம்பு அடித்த குழிக்குள் சுடர் எரியும்போது, குழியின் வெள்ளைச் சுவர்கள் வெளிச்சத்தை வாங்கி மெதுவாக அறைக்குள் விடுகின்றன. பக்கத்தில் நிற்பவருக்குச் சுடர் தெரியாது, வெளிச்சம் தெரியும்.

டென்மார்க் தேசத்தில் பவுல் ஹென்னிங்ஸன் என்று ஒருவர் இருந்தார். மண்ணெண்ணெய் விளக்கின் சாந்தமான ஒளியில் வளர்ந்தவர். மின்சாரம் வந்ததும் எல்லா வீடுகளிலும் பல்பு கண்ணைக் குத்துகிறதே என்று அவருக்கு வருத்தம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பல்பு தெரியக்கூடாது, வெளிச்சம் மட்டும் வரவேண்டும் என்று தீர்மானித்தார். 1925, 1926-ம் ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தட்டுகள் வைத்து ஒரு விளக்குச் செய்தார். அந்த வகை விளக்குகள் இன்றும் விற்பனையாகின்றன. விலையைக் கேட்காதீர்கள்!

ஜப்பானில் கிஃபு என்ற ஊர் மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்கிற கூண்டு விளக்குகளுக்குப் பெயர் போனது. சிற்பி இசாமு நொகுச்சி 1951-ல் அங்கே போனார். அதே மூங்கில் விலா, அதே முசுக்கட்டைப் பட்டைக் காகிதம். மெழுகுவத்திக்குப் பதிலாக மின்சார பல்பு. 'அகாரி' என்று பெயர் வைத்தார். மடித்தால் தட்டையாகிவிடும். எழுபது வளைவு என்ன, எழுநூறு வளைவு ஏறினாலும் உடையாது.

இத்தாலியில் காஸ்டிக்லியோனி சகோதரர்கள் 1962-ல் செய்த விளக்கு இன்னும் வேடிக்கை. மோட்டார் காரின் முகப்பு விளக்கு ஒன்றை எடுத்து ஒரு கம்பத்தின் உச்சியில் வைத்தார்கள். ஒயர் தொங்காமல் இருக்கத் தூண்டில் கழியில் இருக்கும் வளையங்களை மாட்டினார்கள். கடைப் பொருள்களைச் சேர்த்துச் செய்த அந்த விளக்கு பொருட்காட்சி சாலைகளுக்குப் போய்விட்டது. மலிவான பொருளில் செய்ததால் ஒன்றும் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

இத்தனை காலமும் இந்தக் கைவேலைக்கு ஒரு பெரிய தடை இருந்தது: சூடு. பழைய 60 வாட் குண்டு பல்பின் கண்ணாடி, கொதிக்கிற தண்ணீரைவிட அதிகமாகச் சுடும். அதன் மேல் மூங்கில் கூடையோ காகிதமோ வைத்தால் கருகும், தீயும் பிடிக்கலாம். எல்.இ.டி. பல்பு வந்ததும் அந்தத் தடை பெரும்பாலும் நீங்கியது. 2015 ஜனவரி 5-ம் தேதி மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் விநியோகமாயின, விலையும் சரிந்தது.

60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும். தினம் ஐந்து மணி நேரம் எரித்தால் குண்டு பல்புக்கு மாதம் 9 யூனிட்; எல்.இ.டி.க்கு ஒன்றே கால் யூனிட்டுக்குச் சற்று மேல்.

பல்பு வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் அட்டைப் பெட்டியையும் படியுங்கள். அதில் நாலு விஷயங்கள் இருக்கும்.

முதலாவது, 'லூமன்'. வெளிச்சத்தின் அளவு இதுதான். வாட் என்பது தின்கிற மின்சாரம். லூமன் என்பது தருகிற ஒளி. குறைவாகத் தின்று அதிகமாக உழைப்பவரையே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 'கே' என்ற எழுத்துடன் ஓர் எண். 2700 அல்லது 3000 என்றால் அகல் விளக்கைப் போன்ற இளமஞ்சள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. படுக்கை அறைக்கும் திண்ணைக்கும் மஞ்சளே நல்லது. நீல வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப் போடும். மழைக் காலத்தில் ஈசலையும் பூச்சியையும் அதிகமாகக் கூப்பிடும்.

மூன்றாவது, 'சி.ஆர்.ஐ.' என்ற எண். பொருள்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு மதிப்பெண். 80-க்கு மேல் இருக்கட்டும். சாமையில் கல்லையும், மிளகில் பதரையும் பிரித்துக் காட்டுவது இந்த எண்தான்.

நாலாவது, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும். இது இல்லாத பல்பு இனாமாக வந்தாலும் வேண்டாம்.

ஓர் அம்பு, ஐந்து வேட்டை

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை அறிவீர்கள். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. அவன் எய்த ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மான், பன்றி என்று போய், கடைசியில் உடும்பின் உடம்பில் தைத்து நின்றதாகப் புறநானூற்றில் வருகிறது. நாமும் மலிவு விளக்கு என்ற ஒரே அம்பால் ஐந்து இடத்து இருட்டை வேட்டையாடலாம்.

கருவிகள் அதிகம் வேண்டாம்: கத்தரிக்கோல், ஊசி நூல், சணல் கயிறு, சிறு கத்தி, ஒரு திருப்புளி. திருப்புளி கிடைக்காவிட்டால்தான் ஆச்சரியம். கொல்லிமலையில் திருப்புளி நாடு என்று ஒரு நாடே இருக்கிறது!

முதல் வேட்டை: கூடை விளக்கு. இது பாட்டிக்கு. கடையில் ஒயரும் பிளக்கும் சேர்ந்தாற்போல் தொங்கவிடும் ஹோல்டர் கிடைக்கும். அதன் கழுத்தில் ஒரு வளையம் திருகி எடுக்கும்படி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஓரடி அகலமுள்ள, இடைவெளி விட்டு முடைந்த மூங்கில் கூடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் ஹோல்டரின் கழுத்து நுழையும் அளவுக்கு மட்டும் வழி செய்யுங்கள். கூடையைக் கவிழ்த்து, கழுத்தை நுழைத்து, உள்பக்கமாக வளையத்தைத் திருகிவிட்டால் கூடை நின்றுவிடும். பல்பின் முனை கூடையின் விளிம்பைவிட நாலு விரற்கடையாவது மேலே இருக்க வேண்டும். எதிரே உட்கார்ந்தவர் கண்ணில் பல்பு படாது. தரையிலிருந்து நாலடி உயரத்தில், ஆள் நடமாடாத சுவர் ஓரமாகத் தொங்கவிடுங்கள். உள்ளே வெள்ளைக் காகிதம் ஒட்டினால் வெளிச்சம் முழுவதும் மடிக்கு வரும். ஒட்டாவிட்டால் கூடைப் பின்னலின் நிழல் சுவரெல்லாம் கோலம் போடும். இரண்டில் எது வேண்டும் என்பதைப் பாட்டியிடமே கேளுங்கள்.

இரண்டாவது வேட்டை: வேட்டி விளக்கு. இது பேத்திக்கு. கடைகளில் மலிவாக மேஜை விளக்கு விற்கிறார்கள். ரோஸ் நிறத்திலோ, கிளிப் பச்சையிலோ ஒரு பிளாஸ்டிக் தொப்பி போட்டிருக்கும். தொப்பியைக் கழற்றுங்கள், கம்பிச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மல் வேட்டியில் நல்ல இடமாகப் பார்த்துக் கிழித்து, கெட்டியாகக் கஞ்சி போட்டு, ஈரமாக இருக்கும்போதே சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டித் தையுங்கள். உலர்ந்ததும் மேளத்தோல் போல விறைத்து நிற்கும். பாலாடை நிறத்தில் வெளிச்சம் வரும். புடைவைக் கரை மிச்சம் இருந்தால் விளிம்பில் வைத்துத் தைக்கலாம். வலது கையால் எழுதுகிற பெண்ணுக்கு விளக்கு இடது பக்கம் இருக்கட்டும். எழுதுகிற கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டி, 'எல்.இ.டி. மட்டும்' என்று எழுதிவையுங்கள். பிற்பாடு யாராவது பழைய குண்டு பல்பை மாட்டிவிட்டால் துணி கருகிப் போகும்.

மூன்றாவது வேட்டை: மாட விளக்கு. வீட்டில் பழைய மாடம் இருந்து, அதில் சீப்பும் மருந்துச் சீட்டும் அடைந்து கிடக்கிறதா? காலி செய்து வெள்ளையடியுங்கள். பட்டை விளக்கு என்று சுருளாக விற்கிறார்களே, அதில் 5 வோல்ட் வகையை வாங்கி, மாடத்தின் மேல் விளிம்புக்குப் பின்னால், சுவரைப் பார்த்தவாறு ஒட்டுங்கள். செல்போன் சார்ஜரிலேயே எரியும். மாடம் இல்லாத வீட்டில் ஒரு பலகை அடித்து, அதன் அடியில் ஒட்டலாம். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறவர் பெரிய விளக்கைப் போட்டு வீட்டையே எழுப்ப வேண்டியதில்லை.

நாலாவது வேட்டை: பாட்டில் விளக்கு. இது திண்ணைப் படிக்கு. மலை வீட்டில் இருட்டுக்குப் பிறகு படி இறங்குவது சாதாரணக் காரியமல்ல. மழை பெய்தால் கல் வழுக்கும். பூச்சி பொட்டு கிடக்கும். தோட்டத்தில் நட்டு வைக்கிற சின்னச் சோலார் விளக்கு மலிவாகக் கிடைக்கிறது. அதன் குச்சியைக் கழற்றிவிட்டுத் தலையை மட்டும் எடுங்கள். வாய் அகன்ற ஹார்லிக்ஸ் பாட்டிலின் மேல் தகடு வானத்தைப் பார்த்து இருக்கும்படி பொருத்துங்கள். பாட்டிலின் உள்புறம் பட்டர் பேப்பர் சுற்றுங்கள். பகலில் வெயில் தகட்டில் பட்டு உள்ளே இருக்கும் சிறு பாட்டரி நிரம்பும். இருட்டியதும் தானே எரியும். படியின் இரு ஓரத்திலும் தரையோடு தரையாக வைத்தால் காலடி மட்டும் தெரியும், கண் கூசாது. மூடுபனியும் மேகமுமான நாள்களில் சீக்கிரம் அணைந்துவிடும் என்பதை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிரண்டு வருஷத்தில் பாட்டரியை மாற்ற வேண்டியிருக்கும். படிக்கு இரண்டு போதும். தோட்டம் பூராவும் நட்டுவிடாதீர்கள். இருட்டை நம்பிப் பிழைக்கிற மின்மினிகளுக்கும் இடம் வேண்டும்.

ஐந்தாவது வேட்டை: அரிக்கேன் விளக்கு. பரணில் துருப்பிடித்துக் கிடக்கிறதே, அதேதான். இடியும் காற்றுமாக வந்து மின்சாரம் நின்றுபோகிற இரவுகளுக்கு இது. திரிக் கட்டையைக் கழற்றிவிடுங்கள். எண்ணெய்த் தொட்டியைச் சோப்புத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை கழுவி, மண்ணெண்ணெய் வாசனை போகும் வரையில் வெயிலில் வையுங்கள். சார்ஜ் செய்கிற வட்டமான சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்றைத் திரி இருந்த இடத்தில் உட்கார வையுங்கள். கண்ணாடிக்குள் பட்டர் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி வைத்தால் பழைய சுடர் போலவே இருக்கும். கைப்பிடி இருக்கிறது, மாட்டுக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். காற்றில் அணையாது. வைக்கோல் மேல் கவிழ்ந்தாலும் தீப்பிடிக்காது. பழைய அரிக்கேனுக்கு இல்லாத யோக்கியதை இது!

விளையாட்டு வேண்டாம்

இதுவரை சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். இனிமேல் வருகிற பத்தியைச் சிரிக்காமல் படியுங்கள். அழகான விளக்கு வீட்டில் ஓர் உயிரைக் கேட்டுவிடக் கூடாது.

கை வைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒயர் நீளம் போதவில்லை என்றால் முறுக்கி ஒட்டுப் போடாமல், நீளமான ஒயர் உள்ள விளக்காக வாங்குங்கள்.

தகர டப்பா, பித்தளைச் செம்பு, இரும்புச் சல்லடை இவற்றை இரண்டு முள் பிளக் உள்ள விளக்குக்குச் சட்டையாகப் போடாதீர்கள். உள்ளே ஒயர் உரசித் தோல் கிழிந்தால் செம்பு முழுவதும் மின்சாரம் ஏறும். உலோகம் வேண்டுமென்றால் மூன்று முள் பிளக்கும், எர்த் கம்பியும், அதைச் சரியாகப் பொருத்த ஓர் எலெக்ட்ரீஷியனும் வேண்டும். மூங்கில், துணி, காகிதம், சுரைக்குடுக்கை இருக்கும்போது உலோகம் எதற்கு?

எல்.இ.டி.யும் கொஞ்சம் சுடும். சூடு கண்ணாடியில் இல்லை, கழுத்தில். அங்கே உள்ள மின்சுற்றுக்குக் காற்று வேண்டும். நாலு பக்கமும் மூடிய பானைக்குள் வைத்தால் பல வருஷம் உழைக்க வேண்டிய பல்பு அற்பாயுளில் போய்விடும். சட்டையின் மேலும் கீழும் திறந்திருக்கட்டும். பல்புக்கும் சட்டைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கட்டும்.

கனமான பொருளை ஒயரில் தொங்கவிடாதீர்கள். சட்டையின் பாரத்தை உத்தரத்தில் கட்டிய கயிறு தாங்கட்டும். ஒயர் சும்மா கூட வரட்டும். ஒயரைப் பாய்க்கு அடியில் ஓட்டாதீர்கள். மழை படும் இடத்தில் வீட்டுக்குள் எரிக்கிற விளக்கை வைக்காதீர்கள்.

குழந்தைகள் தாங்களும் செய்வேன் என்று வருவார்கள். வரட்டும். அவர்களுக்குப் பாட்டில் விளக்கையும், 5 வோல்ட் பட்டை விளக்கையும் கொடுங்கள். சார்ஜரைச் செருகுவதும் பிடுங்குவதும் மட்டும் பெரியவர்கள் வேலையாக இருக்கட்டும். 230 வோல்ட் பக்கம் குழந்தைகள் வரவேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு மெயின் பலகையில் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் வழிதவறி மனித உடம்பு வழியாக ஓடினாலும், கண் இமைக்கும் நேரத்தில் தானே அணைந்து உயிரைக் காப்பது அது. இல்லையென்றால், அலங்கார விளக்குக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் அதை வாங்கி, தெரிந்தவரைக் கொண்டு மாட்டுங்கள். கூடையும் வேட்டியும் அடுத்த மாதம் வரையில் காத்திருக்கும்.

இன்று ராத்திரியே தொடங்கலாம்

கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இன்று இரவு சாப்பாடு ஆனதும், கையில் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பாட்டி உட்காருகிற இடத்தில் நீங்கள் உட்காருங்கள். பேத்தி படிக்கிற இடத்தில் ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். அடுப்படியில் நின்று காய் நறுக்குகிற பாவனையில் கையை நீட்டுங்கள். உங்கள் நிழலே அருவாமணை மேல் விழுகிறதா என்று பாருங்கள். படியில் ஒருமுறை இறங்கி ஏறுங்கள். எந்த இடத்தில் கண் சுருங்குகிறது, எந்த இடத்தில் கால் தயங்குகிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் அப்படி மூன்று இடம்தான் இருக்கும். மூன்று மலிவு விளக்கு, ஒரு கூடை, ஒரு பழைய வேட்டி, ஒரு காலி பாட்டில். அவ்வளவுதான் சாமான். அந்தக் காகிதத்தை எழுதியவர் அந்த வீட்டைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய கடையாக இருந்தாலும், உங்கள் பாட்டி எந்தச் சுவர் ஓரமாக உட்காருவாள் என்பது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?